முப்பத்தொன்றாம் கப்

"நாலு மணிக்கு எங்க வீட்டுக்காரர் செத்துடுவாருங்க" என்றாள் அந்தப் பெண்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது.

தராசு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபது வருடம் சந்தைகளில் எடைக்கல் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். கடைக்காரரின் விரல் எப்போது தட்டில் பட்டும் படாமலும் அழுந்துகிறது என்று பார்த்துப் பார்த்தே கண் கூர்மையாகிப்போய், ஓய்வு பெற்றதும் துப்பறிய வந்துவிட்டார். பழைய பெயர் மட்டும் விடவில்லை. அவருடைய உதவியாளர் ஒரு பாத்திரக் கடைக்காரரின் மகள். யார் என்ன சொன்னாலும் மீதியைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் சில்லறை.

"நேரத்தோட குறிச்சுக் குடுத்திருக்காங்களே, எந்த ஜோசியர், அக்கா?" என்றாள் சில்லறை.

"ஜோசியர் இல்லம்மா. இது."

வந்தவள் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். ஒரு காகிதத் துண்டு, ஒரு காகித டீ கப். காகிதத்தில் வேண்டுமென்றே கோணலாக்கிய எழுத்து: 'இன்று நாலு மணிக்கு முட்டுகளை எடுக்க வேண்டாம். தூண் நிற்காது.'

"காலையில கதவுக் கைப்பிடியில தொங்குச்சுங்க. எங்க வீட்டுக்காரர் முட்டு மேஸ்திரி. பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கும்போது இரும்பு ஜாக்கி வெச்சு மேல் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பாரு. வேலை முடிஞ்சதும் அதை எடுக்கணும். இன்னைக்கு நாலு மணிக்கு எடுக்குறாங்க. எடுக்குற நேரத்துல அதுக்குக் கீழ முதல் ஆளா நிக்கிறது அவர்தான்."

"இதை அவர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

"போலீஸுக்குப் போகலாமே?"

"அவங்க எழுதி முடிக்கவே நாலு மணி ஆயிடும் சார்."

தராசு கப்பைப் பார்த்தார். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தேன் நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது. சில்லறை ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"தொடாதம்மா!" என்றாள் வந்தவள். "ஒட்டினா சோப்புக்குப் போகாது. எண்ணெய் போட்டு ஊற வெச்சு, அப்புறம் துணியால வழிச்செடுக்கணும்."

விரல் பின்வாங்கியது. தராசு பென்சில் முனையால் குத்தினார். முனை உள்ளே இறங்கியது. தேன் நிறத்தின் ஓரமெல்லாம் மெழுகு தடவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுவில் மட்டும் வெள்ளை இல்லை. அங்கே ஒரு குழி, வழவழவென்று.

"உங்க வீட்டுக்காரர் இந்தப் பசை வேலையும் பார்ப்பாரா?"

"ஐயோ, இல்லைங்க. அவர் இரும்பு. அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் சிமெண்ட். பசைப் பக்கமே போக மாட்டாரு. அதுக்குத் தனி ஆள் இருக்கு."

தராசு எழுந்து சட்டையை மாட்டினார். "வாங்க, போற வழியில பேசுவோம்."

"நான் எதுக்குங்க?"

"வீட்டுல உட்கார்ந்து கடிகாரத்தையா பார்க்கப் போறீங்க?"

*

மூன்று மாடிப் பழைய செங்கல் கட்டடம். வெளிப் பூச்சு புதிது, வாசனைகூடப் போகவில்லை. முட்டு மேஸ்திரியின் மனைவி காவலாளியின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வர மாட்டேன் என்றாள். மணி இரண்டு இருபத்தைந்து.

தரைத்தளக் கூடத்தில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு செங்கல் தூண். அதன் தலையில் ஒரு பெரிய உத்தரம். உத்தரத்துக்குக் கீழே, தூணுக்கு இரு பக்கமும் மும்மூன்றாக ஆறு இரும்பு ஜாக்கிகள் விறைத்து நின்றன. ஒருவர் ஜாக்கியின் மரைக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தோள் அகலமான மனிதர். பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

"என் வீட்டுக்காரி அனுப்பினாங்களா? பயந்த சுபாவம் சார். பல்லி கத்தினாலும் பயப்படுவாங்க."

"நீங்க பயப்படலையா அண்ணே?" என்றாள் சில்லறை.

"மணி என்னம்மா ஆச்சு?" என்றார் அவர்.

கட்டடத்தின் இன்ஜினியரம்மாவுக்கு வயது முப்பத்தைந்துக்குள். மஞ்சள் தலைக்கவசம், காதில் செருகிய பேனா, பேரத்துக்கு இடமில்லாத முகம். காகிதத்தை ஒரு தடவை படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இங்க பதினோரு தூண் இருக்கு, ஒன்பது சுவர் இருக்கு. எந்தத் தூண்? எந்தக் கலவை? பேர் போடாத காகிதத்துக்கெல்லாம் வேலையை நிறுத்தினா நான் ஆயுசுக்கும் ஒரு கட்டடம் முடிக்க மாட்டேன். நாளைக்குக் காலையில மேல இருபது தையல் மெஷின் ஏறுது."

"பசை இறுகலன்னா என்ன ஆகும்?"

"பழைய செங்கல் தூண் பாரம் ஏறினா வயித்தைத் தள்ளிக்கிட்டு விரியும். விரிஞ்சா உதிரும். அதுக்காகத்தான் கார்பன் துணியைப் பசையில நனைச்சு, தூணைச் சுத்தி இறுக்கி ஒட்டுறோம். பசை கல்லானா அது இரும்புப் பட்டை மாதிரி பிடிக்கும். ஆகலன்னா வெறும் துணி."

"பெல்ட்டுன்னு நெனச்சு ரிப்பன் கட்டின கதை" என்றாள் சில்லறை.

"ஆனா இங்க ஆகியிருக்கு. டின்ல ரெண்டு சரக்கு வரும், ரெசின்னு பசை, ஹார்டனர்னு அதை இறுக வைக்கிற சரக்கு. எடை போட்டுக் கலக்கணும். ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் அதே கலவையில கொஞ்சம் ஒரு கப்புல ஊத்தி வெச்சுடுவோம். அதுதான் சாட்சி. நாற்பத்து நாலு கலவை, நாற்பத்து நாலு கப். ஏழு நாள்ல முழுசா இறுகிடும். எல்லாத்தையும் நானே நகத்தால கீறிப் பார்த்தேன். ஒண்ணுலயும் கீறல் விழல."

"அப்ப இது?" தராசு டீ கப்பை நீட்டினார்.

அவள் வாங்கி அழுத்தினாள். கட்டைவிரல் இறங்கியது. முதல் தடவையாக அவள் முகத்தில் பேரத்துக்கு இடம் தெரிந்தது.

"இது எங்க கப்தான். ஆனா எங்க கணக்குல குறையலையே?"

"நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க."

"எந்தக் கலவைன்னு காட்டுங்க. அந்த நிமிஷமே நிறுத்துறேன்."

*

சரக்கறையில் மூன்று பலகைத் தட்டுகள். அவற்றில் நாற்பத்து நான்கு காகிதக் கப்புகள் எண் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் வயிற்றிலும் தேதியும் எண்ணும். சில்லறை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தாள். டக், டக், டக்.

"எல்லாம் கல்லு சார். ஒண்ணும் விடுபடல. நம்ம கையில இருக்கிறது நாற்பத்தஞ்சாவது. வீட்டுல எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா நாலுன்னு சொல்றாங்க, சாப்பிட உட்காரும்போது அஞ்சு இருக்கு."

"அப்ப ஒண்ணு இந்த வீட்டுப் பிள்ளை இல்ல. எதுன்னு பாரு."

"எப்படி? எல்லாம் ஒரே ஜாடை."

"நல்லா பாரு."

மணி இரண்டு ஐம்பது. தராசு தட்டின் முன் குனிந்து, கண்ணைக் கப்புகளின் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து மெதுவாக நகர்ந்தார். முதல் தட்டு முழுவதும் கண்ணாடிபோல் பளபளத்தது. இரண்டாவது தட்டின் நடுவில் நின்றார்.

"இன்ஜினியரம்மா, இருபத்தொன்பதுல இருந்து முப்பத்து மூணு வரைக்கும் ஒரே தேதி. அன்னைக்கு மழையா?"

"ஆமா, பேய் மழை. உங்களுக்கு எப்படி..."

"மேல மெழுகு மாதிரி வெள்ளை பூத்திருக்கே."

"காத்துல ஈரம் இருந்தா அப்படித்தான் பூக்கும். உறுதிக்கு ஒண்ணும் ஆகாது, துடைச்சுட்டா சரி. உள்ள வேலைதானேன்னு அன்னைக்கு நிறுத்தாம விட்டேன்."

தராசு கையிலிருந்த கப்பைத் தட்டில் வைத்தார். அதன் ஓரத்திலும் அதே வெள்ளை. "நம்ம ஆளும் அந்த மழைக்குப் பொறந்தவர்தான். இப்ப இந்த அஞ்சு பேரையும் பாருங்க."

இருபத்தொன்பது வெள்ளை. முப்பது வெள்ளை. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வெள்ளை. நடுவில் நின்ற முப்பத்தொன்று மட்டும் கழுவித் துடைத்த கண்ணாடி.

சில்லறை விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். "வீடே மழையில நனைஞ்சிருக்கு, ஒருத்தர் மட்டும் தலை காய்ஞ்சு வந்து நிக்கிறாரு."

"வெயில் நாள்ல கலந்து, மழை நாள் தேதியை ஒட்டியிருக்காங்க. அசல் முப்பத்தொன்று இதோ என் கையில."

இன்ஜினியரம்மா பதிவேட்டைப் புரட்டினாள். விரல் ஒரு வரியில் நின்றது. முகம் வெளுத்தது.

"தரைத்தளம். ரெண்டு ஜன்னலுக்கு நடுத்தூண். முட்டு இருக்கிற தூண்." உடனே கைப்பேசியை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "மேஸ்திரி எடுக்க மாட்டேங்குறாரே. சரி, நாலு மணிக்கு முன்னாடி ஜாக்கியைத் தொட மாட்டாரு."

"கலந்தது யாருன்னு போட்டிருக்கு?"

"கலவைக்காரர். அவர் கையெழுத்துதான்."

*

கலவைக்காரர் முற்றத்துக் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். ஒல்லி மனிதர். இடுப்பில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் எடைத் தட்டைப் பையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார் தராசு.

வாளி கையிலிருந்து நழுவியது.

"அண்ணே, நீங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள வாளி வாக்குமூலம் குடுத்துடுச்சு" என்றாள் சில்லறை. "மிச்சத்தை நீங்க சொல்லுங்க."

"நான் கலக்கல தாயி! சத்தியமா கலக்கல. அன்னைக்கு மத்தியானம் பல்லு வலி. கன்னம் இவ்வளவு வீங்கிடுச்சு. துணி வெட்டித் தயாரா இருந்துச்சு. ஒரு மணி நேரம் பொறுங்கன்னு சொல்லிட்டு டாக்டர்கிட்ட ஓடினேன். திரும்பி வந்தா தூணைச் சுத்தி ஒட்டி முடிச்சிருந்தாங்க. பார்வைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. போனது தெரிஞ்சா வேலை போயிடும்னு கையெழுத்து போட்டுட்டேன்."

"எடைத் தட்டு?"

"அது எப்பவும் என் இடுப்புலதான். டாக்டர் வீட்டுக்கும் கூடவே வந்துச்சு."

இன்ஜினியரம்மா பல்லைக் கடித்தாள். "எடை போடாமலே கலந்திருக்காங்க. யாருய்யா?"

"கேட்கலம்மா. கேட்டா, நீ எங்க போனேன்னு என்னைக் கேப்பாங்களே."

தராசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று பதினெட்டு. "அம்மா, ஏழு நாள்ல இறுகுற பசைக்கு, முட்டுகளை எப்ப எடுக்கலாம்னு சொன்னீங்க?"

"பத்தாம் நாளே சொன்னேன். மேஸ்திரிதான் தள்ளிக்கிட்டே வந்தாரு. ஜாக்கி வேற எங்கயும் வேலையில இல்ல, நிக்கட்டும்னாரு. கடைசியா அவரே இன்னைக்குத் தேதி குறிச்சாரு."

"மழை பெஞ்ச அன்னையில இருந்து எண்ணுங்க."

அவள் உதடு அசைய எண்ணினாள். பாதியில் கை வாய்க்குப் போனது.

"இருபத்தெட்டு."

"இருபத்தெட்டு நாள் எதுக்கும்மா?" என்றாள் சில்லறை.

"சிமெண்டுக்கு" என்றாள் இன்ஜினியரம்மா. "கான்கிரீட் முழு பலத்துக்கு வர இருபத்தெட்டு நாள் எண்ணுவோம். மெதுவா இறுகிக்கிட்டே இருக்கும். இந்தப் பசை அப்படி இல்ல. ஏழு நாள்ல இறுகலன்னா ஏழு வருஷம் ஆனாலும் இறுகாது. இதுக்கு இருபத்தெட்டு நாள் காத்திருக்கணும்னா அந்த ஆள்..."

"பதினஞ்சு வருஷம் சிமெண்ட் பார்த்தவரா இருக்கணும்" என்றார் தராசு.

அப்போது கட்டடத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்பு மரை திரும்பும் கிரீச். நிற்கும். மறுபடி கிரீச்.

"மணி மூணு இருபதுதானே ஆகுது!" என்றாள் இன்ஜினியரம்மா.

"நாலு மணிக்கு ஆள் கூடும். கூடுறதுக்குள்ள தனியா எடுத்துடப் பார்க்கிறாரு." தராசு ஓடத் தொடங்கியிருந்தார்.

முட்டு எடுக்கும் ஆட்கள் நால்வரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியே அனுப்பிவைத்தாராம். கூடத்தின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற மனைவியிடம் தராசு மூச்சு வாங்க வந்தார்.

"அந்தக் கப் உங்க வீட்டுல எங்கம்மா இருந்துச்சு?"

"கதவுல தொங்..."

"பசைப் பக்கமே போகாத மனுஷன் வீட்டுல, அது கையில ஒட்டினா சோப்புக்குப் போகாதுன்னு எப்படித் தெரியும்? எத்தனை நாளா எண்ணெய் போட்டு வழிச்சுவிட்டீங்க?"

அவள் உடைந்தாள். "குளியலறை ஜன்னல்ல சார். தினம் காலையில பல் தேய்ச்சதும் கட்டைவிரலால அழுத்திப் பார்ப்பாரு. அது இறுகிட்டா நான் பொழைச்சேன்னு சொல்வாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. இன்னைக்குக் காலையிலயும் அழுத்தினாரு. விரல் உள்ள போச்சு. ஒண்ணும் பேசாம சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினாரு. எனக்கு ஆளும் வேணும், அவர் பேரும் கெடக் கூடாது. அதான் நானே கோணலா எழுதினேன்."

"பின்பக்கம் கதவு இருக்கா?" என்று காவலாளியிடம் கேட்டுத் திரும்பினார் தராசு.

பெஞ்சின் பக்கத்தில் அவள் இல்லை.

*

தராசும் சில்லறையும் கூடத்து ஜன்னலுக்கு வந்தபோது நான்கு ஜாக்கிகள் தளர்ந்து உத்தரத்துக்கு அரை விரல் கீழே நின்றன. ஐந்தாவதன் கைப்பிடியில் மேஸ்திரியின் இரண்டு கைகளும் இருந்தன. தூணின் புதுப் பூச்சில், ஜன்னல் மூலையிலிருந்து தலைமுடிபோல் ஒரு கோடு மேலே ஏறியிருந்தது.

"மேஸ்திரி, மேல பாருங்க" என்றார் தராசு. சத்தம் போடவில்லை. சத்தமே பாரம்போல் இருந்தது.

"பூச்சுல வெடிப்பு சார். பூச்சு வேற, தூண் வேற."

"கப்பு இன்னும் இளகியிருக்கு."

கைப்பிடி நின்றது. "கப்பு தனி. துணியில ஊறினது இறுகியிருக்கும். இருபத்தெட்டு நாள் விட்டிருக்கேன்."

"அது சிமெண்ட் கணக்கு."

"எனக்குத் தெரிஞ்சது அந்தக் கணக்குதான் சார். இறுகலன்னா என் தலைமேல விழட்டும். ஆட்களை வெளிய அனுப்பிட்டேன்ல?"

அவர் கால் பெருவிரல்களை ஊன்றினார். கிரீச். மேலே எங்கோ ஒரு செங்கல் முனகியது. கோட்டிலிருந்து பொடி கொட்டியது.

பின்பக்கக் கதவு திறந்தது. அவர் மனைவி உள்ளே வந்து, ஜாக்கிகளுக்கு நடுவே புகுந்து, தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். விழுந்த பொடி தலையில் படிந்தது.

"ம். இறக்குங்க."

"பைத்தியமா உனக்கு? வெளிய போடி!"

"இறுகியிருக்கும்னு சொன்னீங்கல்ல? அப்ப எனக்கு என்ன ஆகப் போகுது? இறக்குங்க."

"போன்னு சொல்றேன்..."

"உங்க தலைக்கு ஒரு கணக்கு, என் தலைக்கு ஒரு கணக்கா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த சில்லறை கழுத்தை நீட்டி அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

கோடு இன்னும் ஒரு சாண் வளர்ந்தது. பிறகு கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஐந்தாவது ஜாக்கியின் தலை உத்தரத்தை முட்டி இறுகியது.

"கதவைத் திற!" என்று அவளிடம் கத்தினார். அவள் தாழை நீக்க, வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். "சார், நீங்க அந்த மூலை. தங்கச்சி, நீ இந்தப் பக்கம். வலப்பக்கமாச் சுத்துங்க, தலை தொட்டதும் நிறுத்துங்க. ஒண்ணா ஏறணும். ஒண்ணு முந்தினா தூண் ஒடிஞ்சுடும். ம், ஒண்ணு... ரெண்டு..."

தராசின் உள்ளங்கை உரிந்தது. இன்ஜினியரம்மா கோட்டின் நுனியில் பேனாவால் குறியிட்டு, அதன்மேலேயே கண் வைத்து நின்றாள். கலவைக்காரர் நான்காவது ஜாக்கியைப் பிடித்தார். ஏழாவது எண்ணிக்கையில் மேலே முனகல் நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள் இன்ஜினியரம்மா. "கோடு குறியைத் தாண்டல."

அவள் உளியை எடுத்துப் பூச்சில் ஒரு கை அகலத்துக்குத் தட்டினாள். உள்ளே கறுப்புத் துணி தெரிந்தது. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கல்லாக இருக்க வேண்டிய துணி, ஈரச் சுவரிலிருந்து விளம்பரத் தாளை உரிப்பதுபோல் உரிந்து வந்தது. பின்னால் பசை நூல் நூலாக நீண்டது.

"இதைக் கலந்தது யாரு?" கையெழுத்துப் போட்டவரைத்தான் பார்த்துக் கேட்டாள்.

கலவைக்காரர் வாயைத் திறந்தார்.

"அவர் இல்லம்மா, நான்" என்றார் மேஸ்திரி. "வெட்டின துணியை ஒட்ட ஆள் நின்னாங்க, கலக்க ஆள் இல்ல. சிமெண்ட் கலக்கின கை, இது என்ன பெரிசுன்னு நெனச்சேன். மழையாச்சே, சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரை ரெண்டு பங்கு ஊத்தினேன்."

"கூட ஊத்தினா இறுகாது மேஸ்திரி. மிச்சம் இருக்கிறது உள்ளயே கிடந்து குழைச்சுடும்."

"ஏழாம் நாள் நீங்க கீறிப் பார்க்க வர்றதுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்தேன். இளகியிருந்துச்சு. சொல்ல வாய் வரல. வெயில் நாள் கலவையில மிச்சமாகி இறுகிக் கிடந்த ஒரு கப்புல முப்பத்தொண்ணுன்னு எழுதி மாத்தி வெச்சுட்டு, அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். இத்தனை வருஷத்துல என் வேலையை யாரும் உடைச்சுக் கட்டினது இல்ல."

இன்ஜினியரம்மா உளியைக் கீழே வைத்தாள். "இந்தத் துணியை முழுசா உரிச்சு, தூணைத் தேய்ச்சு, மறுபடி ஒட்டணும். முட்டு அதுவரைக்கும் நிக்கும். அதை வேற மேஸ்திரி பார்த்துப்பாரு. நீங்க நாளையில இருந்து வர வேணாம்."

அவர் தலையாட்டினார். கழற்றி எடுத்த ஜாக்கிக் கைப்பிடி இன்னும் அவர் வலக்கையில் இருந்தது. இன்ஜினியரம்மா வாங்கக் கையை நீட்டினாள். அவரும் கொடுக்கத்தான் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. இரும்போடு இரும்பாகப் பூட்டிக்கொண்டிருந்தன.

அவர் மனைவி வந்து அந்தக் கையைத் தன் மடிப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். அவசரப்படவில்லை.

கைப்பிடி தரையில் விழுந்த சத்தத்துக்குக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.